தூணில் தொங்கிய படகு

சர்வேயரின் வாய் முழுதாகத் திறந்திருந்த நேரம் பார்த்துத்தான் அந்த வழக்கு வந்து சேர்ந்தது. கடைவாயில் துளைக் கருவி, கன்னத்துக்குள் பஞ்சு, நாக்கின் மேல் சின்னக் கண்ணாடி. மறுத்துப் பேச வழியில்லாத ஆளிடம் துக்கத்தைக் கொட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு என்பதைப் பல் டாக்டர் அன்று கண்டுகொண்டார்.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் அந்த டாக்டர் அம்மாள். "கொஞ்சம் பெருசாத் திறங்க."

சர்வேயர் திறந்தார். மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனரோ எழுந்தே விட்டார்.

"யாரு? எவன் சொன்னது?"

மைத்துனர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதால், ஆபத்து என்று எதைக் கேட்டாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்து பிரேக் போடும். அவருடைய அக்காள் கணவரான சர்வேயர் வேறு மாதிரி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மூழ்கிய படகுகளைப் பார்வையிட்டு, அவை தாமாக மூழ்கினவா, சொந்தக்காரர் விருப்பப்படி மூழ்கினவா என்று சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் தொலைத்த சாமான்களையும் சொன்ன பொய்களையும் தேடிக் கொடுத்து வந்தார். அவர் நிதானமாக யோசிப்பார். அவருக்கும் சேர்த்து மைத்துனர் பதறுவார்.

"யாட் கிளப்புல" என்றார் டாக்டர். "இன்னிக்கு சாயங்காலம் நூற்றாண்டு விழா. கிளப்போட முதல் வெள்ளிக் கோப்பை ஹால்ல கண்ணாடி அலமாரியில இருந்துச்சு. நேத்து ராத்திரி சாப்பாட்டப்ப எல்லாரும் பாத்தோம். காலைல அலமாரி திறந்து கெடக்கு, கோப்பை இல்ல. அதைச் சுத்தியிருந்த வெல்வெட் துணி மட்டும் என் படகுக்குள்ள கெடந்துச்சு."

"உங்க படகா?"

"ஆமா. நேத்து பிள்ளைங்க படகு வகுப்பு முடிஞ்சதும் மிதவையிலதான் கட்டிட்டு வந்தேன். காலைல கிளப் புல்தரையை ஒட்டின துறையில, தூணுல கட்டியிருக்கு. நான் எட்டிக்கூடப் பாக்கலை, அதுக்குள்ள வெளிய போகச் சொல்லிட்டாங்க. கோப்பையை எடுத்துட்டு விடியக்காலைல அக்கரைக்குப் போய் ஒளிச்சுட்டு வந்துட்டேனாம். அங்க படகு ஓட்டத் தெரிஞ்சது நானும் எங்க தலைவர் கமடோரும்தானாம். வீட்ல தூங்கிட்டிருந்தேன்னு சொன்னா யார் சாட்சி? தலையணையா?"

"அலமாரிச் சாவி?" என்று கேட்டார் மைத்துனர். துப்பறிவதில் சாவியைப் பற்றிக் கேட்டாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"மூணு பேர்கிட்ட. படகுப் பொறுப்பு எனக்கு, அதனால என்கிட்ட ஒண்ணு. கமடோர்கிட்ட ஒண்ணு, செயலாளர்கிட்ட ஒண்ணு. அவங்க ரெண்டு பேரும் விழா வேலைன்னு நேத்து ராத்திரி கிளப் அறையிலேயே தங்கிட்டாங்க." கருவி நின்றது. "நாலு மணிக்குக் கூட்டம் போட்டு என்னை நீக்கிட்டு போலீசுக்குப் போறாங்க. நான் போனா ஆத்தோரத்துப் பிள்ளைங்களுக்கு நடத்துற வகுப்பும் போச்சு. அந்த இடத்துல விருந்து மேடை கட்ட வரைபடமே தயாரா இருக்கு. அது கெடக்கட்டும். திருடின்னு பேர் வாங்கினவ முன்னால யார் சார் வாயைத் திறப்பாங்க?"

திறந்த வாயோடு சர்வேயர் கையை உயர்த்தினார். கொப்பளித்தார். மரத்துப்போன உதட்டை ஒரு பக்கமாக இழுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோப்பையை விழாவுல என்ன செய்யுறதா இருந்தீங்க?"

"பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு சார். வெள்ளிவிழாவிலயும் பொன்விழாவிலயும் அப்ப இருந்த தலைவர் கோப்பையைப் படகுல வெச்சு, தனியா அக்கரை வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பியிருக்கார். இந்த முறையும் செய்யணும்னு நான்தான் கூட்டத்துல சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. கமடோருக்கு ஒரே சந்தோஷம்."

சர்வேயர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார்.

"மச்சான், வண்டியை எடு. மத்தியானத்துக்குள்ள போயாகணும்."

"ஏன் அத்தான், மத்தியானத்துக்கு என்ன?"

"கன்னம் மரத்திருக்கு. அங்க நீதான் பேசணும்" என்று மட்டும் சொன்னார் சர்வேயர்.

மைத்துனருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வழக்கில் முதல் தடவையாகப் பேசும் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. ஊரிலேயே அன்று சிவப்பு விளக்கை மதிக்கலாமா என்று யோசித்த ஒரே டிரைவிங் ஸ்கூல் முதலாளி அவர்தான்.

கடலுக்குப் பக்கத்திலிருந்த ஆறு அது. கடல் ஏறினால் ஆறும் ஏறும், கடல் வற்றினால் ஆறும் வற்றும், ஒவ்வொரு நாளும். அந்த ஆற்றின் கரையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூண்களும் வளைவுகளுமாக நின்றது கிளப். தெருவில் எல்லோரும் அதைப் படகு கிளப் என்பார்கள். உறுப்பினர்கள் யாட் கிளப் என்பார்கள். அந்த இரண்டு பெயருக்கும் நடுவேதான் வாசல் காவலர் நின்றுகொண்டிருந்தார்.

"கோப்பை விஷயமா இன்ஷூரன்ஸ்லேர்ந்து" என்று மைத்துனர் சொன்னதுதான் தாமதம், கதவு திறந்தது. சொன்னதில் பாதி உண்மை. இன்ஷூரன்ஸ் வேலையாக சர்வேயர் அந்தக் கிளப்புக்குப் பல வருடம் வந்து போனவர்.

செயலாளர் ஓடோடி வந்தார். தொழில் வக்கீல், பொழுதுபோக்கு வரலாறு. கிளிப் போட்டு மாட்டிய டை காற்றில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஷூவுக்கு நாடா கிடையாது, ஒட்டும் பட்டைதான்.

"முடிச்சுன்னாலே எனக்கு ஆகாதுங்க" என்று மைத்துனரின் பார்வையைக் கவனித்துச் சிரித்தார். "கல்யாணத்துலயே என் தங்கச்சிதான் உதவிக்கு வந்தா. வாங்க, வரலாற்றைப் பாத்துட்டே போவோம்."

வரலாறு சுவர் நெடுகத் தொங்கியது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒன்பது பேர், மூன்று படகு, ஒரு தகரக் கொட்டகை. அடுத்த படத்தில் மழைக்கு ஒதுங்கிச் சீட்டாட ஓர் அறை. அதற்கடுத்ததில் சீட்டு அறைக்குச் சமையலறை. பிறகு பில்லியர்ட்ஸ் ஹால், நடன ஹால், இறகுப்பந்து மைதானம். ஒவ்வொரு கட்டடம் எழும்போதும் படகுகள் ஓரமாக நகர்ந்துகொண்டே போயின. கடைசிப் படத்தில் அறுநூறு பேர் வெள்ளை உடையில் நின்றார்கள். படகுகள் எங்கே என்று மைத்துனர் தேடினார்.

"அந்த வலது மூலையில தெரியுது பாருங்க, பாதி" என்றார் செயலாளர். "அது போட்டோக்காரர் தப்பு. இதோ, இது போன வருஷம் திறந்த நீச்சல் குளம்."

"ஆத்தங்கரையில நீச்சல் குளமா?"

"ஆத்துல தண்ணி இருக்குங்களே" என்றார் செயலாளர், விளக்கம் போதும் என்பது போல.

கமடோர் தமது அறையில் இருந்தார். தலைவரை அங்கே கமடோர் என்றுதான் அழைப்பார்கள். கடற்படைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. குளியலறைச் சாமான் வியாபாரம். குழாய், தொட்டி, ஷவர் என்று வீட்டுக்குள் வரும் தண்ணீர் எதுவும் அவருக்குத் தெரியாமல் வர முடியாது. வெள்ளைச் சீருடை, தங்க ஜரிகைத் தோள்பட்டை, மடியில் தொப்பி. பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் விதவிதமான கயிற்று முடிச்சுகள், ஒவ்வொன்றின் கீழும் பித்தளையில் பெயர். கையிலும் ஒரு துண்டுக் கயிறு. பேசப் பேச விரல்கள் பார்க்காமலே முடிச்சுப் போட்டன, அவிழ்த்தன, வேறு ஒன்று போட்டன. மைத்துனர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"முப்பது வருஷப் பழக்கம்" என்றார் கமடோர். "கை சும்மா இருக்காது. இந்த ஆறு என் உள்ளங்கை மாதிரி."

ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தது. வெயில் பட்டால் கம்பளம் வெளுத்துவிடுமாம்.

"கோப்பை எங்க இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று மைத்துனர் அதிகாரமாகக் கேட்டார்.

"அக்கரையில புதைச்சிருப்பா. இல்லேன்னா பயத்துல தண்ணியில போட்டிருப்பா. போட்டிருந்தா மறந்துட வேண்டியதுதான். நம்ம துறை முனையிலேயே மூணு ஆள் ஆழம். எப்பவும் தண்ணி. இனி அது மீனுக்குத்தான் சொந்தம்." கமடோர் பெருமூச்சு விட்டார். "எனக்குத்தான் ஏமாற்றம். கோப்பையோட நான் பாய் விரிச்சுப் போறதைப் பாக்க மாநகரத் தலைவரே வர்றார்."

சர்வேயர் "ம்" என்றார். அந்த அறையில் அவர் பேசியது அவ்வளவுதான். வெளியே வந்ததும் செயலாளரின் முழங்கையைப் பிடித்தார். துறையைக் கை காட்டினார். நடையில் வேகம் ஏறியிருந்தது. மைத்துனர் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார். அத்தான் அவசரப்பட்டு அவர் பார்த்ததே இல்லை.

செயலாளர் புல்தரையின் ஓரத்திலேயே நின்றுகொண்டார். "பலகை மேல நான் வரமாட்டேங்க. இடுக்கு வழியாத் தண்ணி தெரியும், மயக்கம் வரும். இங்கேருந்தே பாக்குறேன்."

"பாத்தாப் போதும்" என்றார் சர்வேயர். பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தார். குரல் திரும்பியிருந்தது. "மச்சான், படகைப் பாரு."

மைத்துனர் பார்த்தார். படகு தண்ணீரில் இல்லை. தண்ணீரே அங்கே இல்லை. ஆறு வற்றித் தூரத்தில் ஒதுங்கியிருந்தது. துறையின் கீழே கறுத்த சேறு பளபளத்தது. தூணின் உச்சியில் கட்டிய குட்டைக் கயிற்றில் மூக்கு மாட்டிக்கொள்ள, வாலைச் சேற்றில் ஊன்றி, கிணற்று வாளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது டாக்டரின் படகு.

"ஐயோ, இது ஏன் இப்படித் தொங்குது?"

"கட்டினப்ப தண்ணி நெறைஞ்சிருந்துச்சு, விடியக்காலைல. படகு பலகை மட்டத்துக்கு நின்னுச்சு. கட்டினவர் கயித்தை ஒட்ட இழுத்துக் கட்டிட்டார். தண்ணி எறங்கினதும் படகும் எறங்கணுமே, அதுக்குக் கயிறு வேணுமே, அதை நெனைக்கலை. மிதவையில கட்டினா இந்தத் தொல்லை இல்ல, அது தண்ணியோட ஏறி எறங்கும். அதனாலதான் டாக்டர் அங்க கட்டுறாங்க. இப்ப முடிச்சைப் பாரு."

முடிச்சு அழகாக இருந்தது. இரண்டு சுற்று, ஒரு வளையம், மீதி நுனியைச் சீராக மடித்துச் செருகியிருந்தது. பரிசு கொடுக்கலாம் போல இருந்தது.

மைத்துனரின் வலது கால் தரையை மிதித்தது. "அத்தான்! முடிச்சு தெரியும், ஆறு தெரியாது!"

"மெதுவாப் பேசு."

"ஆனா அத்தான், ஒரு சந்தேகம். தெரியாத மாதிரி காட்டிக்கணும்னு டாக்டரே வேணும்னு இப்படிக் கட்டியிருந்தா?"

சர்வேயர் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. "நல்ல கேள்வி. அதனால கயிறு மட்டும் பத்தாது. கோப்பை வேணும். யோசி. ஆறு தெரிஞ்ச ஆள் கோப்பையை எடுத்தா, எங்க வேணா கொண்டு போயிருக்கலாம். படகு ஓட்டத் தெரியாத ஆள் எங்க போவார்? படகைக் கயித்தால கரையோரமா இழுத்துட்டு வந்து இங்க கட்டினார், எல்லார் கண்ணுலயும் படட்டும்னு. துணியை உள்ள போட்டார். கையில கோப்பை. அறைக்குக் கொண்டு போக முடியாது, வேலைக்காரங்க வர்ற நேரம். எதிர்ல நெறைஞ்ச ஆறு. இங்க எப்பவும் மூணு ஆள் ஆழம்னு நம்புறவர் என்ன செய்வார்?"

மைத்துனர் பலகை முனைக்கு ஓடினார். குனிந்தார். நிழலில் சேறு, சிப்பி, ஒற்றைச் செருப்பு. எதுவும் தெரியவில்லை. தூரத்தில் ஒதுங்கியிருந்த தண்ணீர் ஒரு மெல்லிய நாக்கை நீட்டிச் சேற்றை நக்க ஆரம்பித்திருந்தது.

"தண்ணி திரும்புது" என்றார் சர்வேயர். முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. "எறங்கு மச்சான்! இன்னும் கொஞ்சத்துல எல்லாம் மூடிடும். நாலு மணிக்கு வெறுங்கையோட நிக்கணும்."

மைத்துனர் யோசிக்கவில்லை. ஏணியில் இறங்கிச் சேற்றில் குதித்தார். முழங்கால் வரை போனது. ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது, இன்றும் அங்கேதான் இருக்கும். தூணுக்குத் தூண் தாவினார், விழுந்தார், எழுந்தார். தண்ணீர் அவருடைய கணுக்காலைத் தொட்டது, ஏறியது. கடைசித் தூணின் அடியில் ஒரு வட்ட விளிம்பு, பாதி நிலா மாதிரி, வெளுப்பாக. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சேறு விடவில்லை. கற்றுக்குட்டியிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும் ஆவேசத்தோடு இன்னொரு இழு.

"கெடைச்சுடுச்சு அத்தான்!"

புல்தரையில் செயலாளர் இரு கையையும் வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, வக்கீல் புத்தி திரும்பியதும், "நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினார்.

நாலு மணிக்கு நடன ஹாலில் குழு கூடியது. ஒரு மூலையில் டாக்டர் தனியே உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி. கமடோர் தீர்மானத்தை எடுத்து வாசிக்கத் தொண்டையைச் செருமியபோது கதவு திறந்தது. இடுப்பு வரை காய்ந்த சேறும் ஒற்றை ஷூவுமாக மைத்துனர் நடந்து வந்து, மேஜை மேல் கோப்பையை வைத்தார். கோப்பைக்குள் தங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் தளும்பித் தீர்மானத்தின் மேல் ஓடியது.

"துறைக்குக் கீழ இருந்துச்சு" என்றார் சர்வேயர். "மூணு ஆள் ஆழத்துல இல்ல. மச்சான் முழங்கால் ஆழத்துல."

நிதானமாகச் சொன்னார். தொங்கிய படகையும் குட்டைக் கயிற்றையும் அழகான முடிச்சையும் வரிசையாக எடுத்து வைத்தார். "சாவி இருக்கிறவங்க மூணு பேர். டாக்டர் தினமும் இந்த ஆத்துல இருக்காங்க. தண்ணி எறங்கும்னு தெரிஞ்சவங்க, எறங்கினா வெளிய தெரியுற இடத்துல கோப்பையைப் போடமாட்டாங்க. செயலாளருக்கு டை கட்டவே வராது, பலகையில காலும் வைக்கமாட்டார். மீதி ஒருத்தர். ஆயிரம் முடிச்சு தெரிஞ்சவர், ஜன்னல் திரையை ஒரு நாளும் விலக்கிப் பாக்காதவர். இந்த ஆறு தினமும் வத்துறது இந்தக் கட்டடத்துலயே அவருக்கு மட்டும்தான் தெரியாது."

"நான் எதுக்குங்க என் கோப்பையையே எடுக்கணும்?" கமடோர் சிரித்தார். மடியில் கயிறு சிக்கலாகிக்கொண்டிருந்தது.

"கோப்பை இருந்தா படகு ஓட்டணும். எல்லார் முன்னாலயும், தனியா."

கமடோரின் முகம் சிவந்தது. "முப்பது வருஷம்! முப்பது வருஷமா ஓட்டுறேன்! கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ட்டு வருவேன்!"

டாக்டர் எழுந்தார்.

"அப்ப நல்லது, கமடோர். தண்ணி ஏறிடுச்சு. காத்து இருக்கு. கோப்பையும் இருக்கு. கண்ணைக் கட்டவேண்டாம். போய்ட்டு வாங்க. நீங்க திரும்பி வந்து கரையில கால் வெச்சதும் நான் கிளப்பை விட்டுப் போயிடுறேன். பிள்ளைங்க வகுப்பையும் மூடிக்கோங்க. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"மேடம், அவசரப்பட்டு..." என்று மைத்துனர் பதறினார். ஒருவேளை அந்த ஆளுக்குத் தெரிந்தே இருந்தால்? சர்வேயர் மைத்துனரின் தோளில் கை வைத்தார்.

வெளியே மாநகரத் தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். வாத்தியக்காரர்கள் வேறு, கமடோரைக் கண்டதும் முழங்க ஆரம்பித்துவிட்டார்கள். அறுநூறு நாற்காலிகள் மேடையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன, ஆற்றுக்கு முதுகு காட்டி. கமடோர் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு துறைப் பலகையில் நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தொப்பி நேராக இருந்தது. படகு பலகை மட்டத்துக்கு மிதந்து தயாராக நின்றது.

ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தார். மறு கால் பலகையில். படகு, படகுகளுக்குள்ள குணப்படி, மெல்ல நகர்ந்தது.

கமடோர் நகரவில்லை. கால்கள் மட்டும் நகர்ந்தன, ஒன்றை விட்டு ஒன்று, அகலமாக, இன்னும் அகலமாக. வாத்தியம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. கடைசியில் டிரம் மட்டும். மைத்துனர் கரையில் நின்றபடி வலது காலால் புல்லைக் குழி விழும்படி மிதித்தார்.

டாக்டர் பாய்ந்து போய்க் கமடோரின் பெல்ட்டைப் பிடித்தார்.

"டாக்டர்" என்றார் கமடோர், யாருக்கும் கேட்காத குரலில். கண்ணை இறுக மூடியிருந்தார். "விட்டுடாதீங்க. எனக்கு ஊஞ்சலே ஒத்துக்காது."

"விடமாட்டேன். கோப்பையைக் குடுங்க. மூச்சை மெதுவா விடுங்க. இப்ப அந்தக் காலை எடுங்க. வலிக்காது."

பல வருடம் பலரை நாற்காலியில் உட்காரவைத்த குரல் அது. கமடோர் காலை எடுத்தார். பலகையில் உட்கார்ந்தார். தங்க ஜரிகைத் தொப்பி உருண்டு தண்ணீரில் விழுந்து, அவர் முப்பது வருடத்தில் போகாத தூரத்துக்கு நிமிஷத்தில் போய்விட்டது.

செயலாளர் புல்தரை ஓரத்திலிருந்து ஓர் அடி எடுத்துப் பலகையில் வைத்தார். பிறகு இன்னோர் அடி. கண்ணை மூடிக்கொண்டே சத்தமாகச் சொன்னார். "தீர்மானம் தள்ளுபடி! படகுப் பொறுப்பாளர் கோப்பையை எடுத்துட்டுப் போகலாம்!"

"தனியாப் போகணும்கிறது வழக்கம்" என்று யாரோ ஒரு வயதான உறுப்பினர் இழுத்தார்.

"வழக்கத்தைப் பத்தி நாளைக்கு எழுதிக்கிறேன்" என்றார் செயலாளர்.

டாக்டர் வேலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஆற்றோரத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார். காவலர் தடுக்க நினைத்தார். பிறகு நினைப்பதை விட்டுவிட்டார். படகு கொள்ளுமட்டும் பிள்ளைகள் ஏறினார்கள். கோப்பை ஒருத்தியின் மடிக்குப் போனது. டாக்டர் கயிற்றை அவிழ்த்து உதறினார். பாய் படபடத்து, காற்றைக் கவ்வி, புடைத்தது.

அப்போது மாநகரத் தலைவர் எழுந்து தம் நாற்காலியைத் தூக்கி ஆற்றைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் திருப்பினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் திருப்பினார். வரிசை வரிசையாக நாற்காலிக் கால்கள் புல்லில் இழுபட்ட சத்தத்தில் மேடையில் வரவேற்புரையைத் தொடங்கியிருந்தவர் பேசுவதை நிறுத்தி, தம்முடைய நாற்காலியையும் தேட ஆரம்பித்தார்.

ஆற்றின் நடுவிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"தலையைக் குனிங்கடா, பாய் திரும்புது!"

கரையில் உட்கார்ந்திருந்த அறுநூறு பேரும் சேர்ந்து குனிந்தார்கள்.